விதிகளை வைத்து ஒப்பிடுங்கள்: ‘ஆஸ் த காட்ஸ் வில்’ படத்தையும் மங்காவையும் அருகருகே வைத்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

மங்காவிலிருந்து, அதாவது ஜப்பானியப் படக்கதையிலிருந்து, வந்த படத்தைப் பற்றி எழுதப்படும் பெரும்பாலான ஒப்பீடுகள் ஒரே மாதிரி இருக்கும். இந்தக் காட்சி விடுபட்டது, அந்தப் பாத்திரம் இல்லை, முடிவு மாறிவிட்டது, ஆகவே மங்காவே மேல். தோற்றால் சாவு என்ற உயிர்பிழைப்பு ஆட்டக் கதைகளுக்கு இந்த முறை சுத்தமாகப் பொருந்தாது. இந்த வகையில் கதையே ஆட்டத்தின் விதிதான். விதி எப்போது தெரிகிறது, யாருக்கு முதலில் தெரிகிறது, எந்த விதி மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதில்தான் பயம் பிறக்கிறது. ஒரு கிளைப் பாத்திரத்தை வெட்டினாலும் படம் நிற்கும். ஒரு விதியை முன்னே பின்னே நகர்த்தினால் மொத்தமும் வேறு கதையாகிவிடும். அதனால் விதிகளை ஒப்பிடுங்கள். எப்படி என்பதை ஒரே படத்தை வைத்துச் செய்து பார்க்கலாம்.

நாம் எடுத்துக்கொள்வது மீக்கே தகாஷி இயக்கி 2014 நவம்பரில் ஜப்பானில் வெளியான ‘ஆஸ் த காட்ஸ் வில்’. பள்ளிப் பிள்ளைகள் உயிரைப் பணயம் வைத்துக் குழந்தை விளையாட்டுகளை ஆட வேண்டிய கதை. ஓட்ட நேரம் 117 நிமிடம். அங்கே 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு என்று சான்றிதழ் பெற்றது. மூலம், கனேஷிரோ முனேயுகி எழுதி ஃபுஜிமுரா அகேஜி வரைந்த மங்கா. கால்பந்து மங்கா ‘புளூ லாக்’கைப் பின்னாளில் எழுதியவரும் இதே கனேஷிரோதான். அதைப் படித்தவர்களுக்கு இவருடைய குணம் பிடிபட்டிருக்கும்: ஒரு கூட்டத்தை அடைத்து வைத்து, ஒருவனைத் தவிர எல்லோரையும் கழித்துக் கட்டுவது.

இனி வருவதில் கதையின் முடிவு வரை உடைத்துப் பேசப்படும். படத்தைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

முதல் வேலை: எது மூலம் என்று உறுதி செய்வது

புதியவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இதுதான். இந்த மங்காவுக்கு இரண்டு தொடர்கள் உண்டு. முதல் தொடர் 2011 தொடங்கி 2012 வரை ‘பெஸ்ஸட்ஸு ஷோனென் மேகசின்’ என்ற மாத இதழில் வந்தது. மொத்தம் 5 தொகுதிகள். இரண்டாம் தொடர் 2013 தொடங்கி 2016 வரை ‘வீக்லி ஷோனென் மேகசின்’ வார இதழில் வந்தது, 21 தொகுதிகள். படத்துக்கு அடிப்படை முதல் தொடர்.

இணையத்தில் தேடினால் பல நேரம் இரண்டாம் தொடர்தான் முதலில் கண்ணில் படும், ஏனென்றால் அது நீளம், தொகுதிகள் அதிகம். அதைத் திறந்தால் படத்தின் நாயகன் தகஹாதா ஷுனைக் காணோம். அகாஷி என்று வேறொருவன் நிற்பான். ஆட்டங்கள் தொடங்கிய அன்று பள்ளிக்கூடம் போகாமல் இருந்த பிள்ளைகளின் கதை அது. இதைப் படித்துவிட்டு ‘கதாநாயகனையே மாற்றிவிட்டார்கள்’ என்று படத்தின் மேல் பழி போடுகிறவர்கள் உண்டு. அட்டையில் ‘இரண்டாம் தொடர்’ என்ற குறிப்பு இருக்கிறதா, முதல் பக்கங்களில் வருகிற நாயகன் ஷுன்தானா, இந்த இரண்டையும் பார்த்துவிட்டுப் படிக்கத் தொடங்குங்கள்.

வேறு படங்களுக்கும் இதே சோதனை தேவை. ‘பேட்டில் ராயல்’ படத்தை அதன் மங்காவோடு ஒப்பிட்டு, மங்காவை மூலம் என்று எழுதுகிறார்கள். மூலம் தகாமி கோஷுன் 1999இல் வெளியிட்ட நாவல். படமும் மங்காவும் அந்த நாவலின் இரண்டு பிள்ளைகள். அண்ணன் தம்பியை அப்பன் மகனாக வைத்து ஒப்பிடக் கூடாது.

எதை முதலில்?

படத்தை முதலில் முழுதாக, நிறுத்தாமல், குறிப்பு எடுக்காமல் பாருங்கள். பிறகு மங்கா. பிறகு மறுபடி படம், இந்த முறை நோட்டுடன். மங்கா ரசிகர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் காரணம் இருக்கிறது. இந்த வகைக் கதையில் விதி ஒருமுறை தெரிந்துவிட்டால் பதற்றம் பாதி போய்விடும். இரண்டாவதாகப் பார்ப்பது எதுவானாலும் மெதுவாகத்தான் தோன்றும். மங்காவை முதலில் படித்தவருக்குப் படம் இழுவையாகத் தெரிவதில் பாதி, படத்தின் குற்றமே அல்ல. மங்காவுக்கு அந்த நட்டம் குறைவு. பக்கத்தைப் புரட்டும் வேகம் உங்கள் கையில் இருக்கிறது, தெரிந்த இடத்தைக் கடந்து போகலாம். ஏற்கெனவே மங்காவைப் படித்துவிட்டீர்களா? பரவாயில்லை, எழுதும்போது அந்தச் சலுகையைப் படத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

நேரக் கணக்கு: ஒரு தொகுதி ஏறத்தாழ 200 பக்கம். மங்கா பழக்கமில்லாதவருக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். ஐந்து தொகுதிக்கு ஐந்து மணி. நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் இரண்டாம் முறை படம் மூன்றரை மணியாவது ஆகும். ஒரே நாளில் முடிக்க முயல வேண்டாம். மூன்று மாலைகள் ஒதுக்கினால் நிதானமாகச் செய்யலாம்.

மங்காவைப் படிக்கும் முறை

வலமிருந்து இடம், மேலிருந்து கீழ். கட்டங்களும் அப்படித்தான், பேச்சுக் குமிழிகளும் அப்படித்தான். முதல் இருபது பக்கம் தடுமாறும், பிறகு பழகிவிடும்.

ஆனால் பலரும் கவனிக்காத ஒன்று பக்க அமைப்பு. திகில் மங்காவில் பக்கத்தைப் புரட்டுவது ஒரு கருவி. விரித்த புத்தகத்தில் இடப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒருவன் திரும்பிப் பார்ப்பான். தாளைப் புரட்டினால் அடுத்த வலப்பக்கத்தில் அவன் பார்த்தது இருக்கும். செல்பேசியில் ஒற்றைப் பக்கமாகப் படித்தால் இந்த ஏற்பாடு கலைந்துவிடும். இரண்டு பக்கம் விரிந்து கிடக்கும் பெரிய ஓவியமும் நடுவில் வெட்டுப்பட்டு, தலை ஒரு பக்கம் உடல் ஒரு பக்கம் என்று வரும். டேப்லட்டையோ மடிக்கணினியையோ எடுத்து, செயலியில் இரட்டைப் பக்கம் காட்டும் அமைப்பையும் வலமிருந்து இடம் என்ற அமைப்பையும் போடுங்கள். அப்படியும் பெரிய ஓவியங்கள் பொருந்தாமல் நின்றால், அட்டைப் பக்கத்தால் எல்லாம் ஒரு பக்கம் தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். அட்டையைத் தனியாகக் காட்டும் தெரிவை மாற்றினால் சரியாகும். இதைச் செய்யாமல் படித்துவிட்டு ‘மங்காவில் பயமே இல்லை’ என்று எழுதுவது, பாட்டை ஒரு காதில் மட்டும் கேட்டுவிட்டு இசையமைப்பாளரைக் குறை சொல்வது போல.

அத்தியாயம் எங்கே முடிகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மாத இதழில் வந்த தொடர் என்றால், ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசிப் பக்கமும் வாசகனை ஒரு மாதம் காக்க வைக்க வேண்டும். அதற்காகவே ஒரு முடிச்சு போட்டிருப்பார்கள். படத்துக்கு அந்தத் தேவை கிடையாது. அதே முடிச்சு படத்தில் எந்த நிமிடத்தில் வருகிறது, நின்று வருகிறதா அப்படியே கடந்து போகிறதா என்று இரண்டாம் முறை பார்க்கும்போது சரிபாருங்கள்.

படத்தை எந்த ஒலியில் பார்ப்பது

ஜப்பானிய ஒலி, தெரிந்த மொழியில் வசன வரி. மொழிமாற்று ஒலியில் பார்க்கவே கூடாது, இந்தப் படத்துக்கு மட்டுமாவது. காரணம், ஆட்டங்கள் எல்லாம் குழந்தைகளின் பாட்டும் சொல்லும் வைத்து நடக்கின்றன. தலைப்பே அப்படி. ‘காமிசாமா நோ இயூ தோரி’ என்றால் ‘சாமி சொல்கிறபடி’. எதை எடுப்பது என்று தெரியாதபோது ஜப்பானியப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே ‘எதை எடுக்கலாம், வானத்துச் சாமி சொல்கிறபடி’ என்று பாடுவார்கள். நம் பிள்ளைகளின் ‘இங்கி பிங்கி பாங்கி’யேதான். ஆங்கிலத் தலைப்பைப் பார்த்து மதத் தத்துவம் தேடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். அந்தத் தலைப்பு காதில் விழும் ஜப்பானியருக்கு முதலில் நினைவுக்கு வருவது கோயிலாக இருக்காது. தெருவில் யார் முதலில் பிடிப்பது என்று ஆள் தேர்ந்தெடுக்கும் விளையாட்டாக இருக்கும். அதாவது குருட்டு அதிர்ஷ்டம். இது கடைசிக் காட்சிக்கு வேண்டியிருக்கும், மனதில் வையுங்கள்.

விதித் தாள்

இப்போதுதான் உண்மையான வேலை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தாள். தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள், இடப்புறம் மங்கா, வலப்புறம் படம். இரண்டிலும் ஆறு கேள்விகள்:

1. வாய்விட்டுச் சொல்லப்பட்ட விதி என்ன?
2. சொல்லாமல் மறைத்த விதி என்ன?
3. மறைந்ததை முதலில் கண்டுபிடிப்பது யார்: பாத்திரமா, பார்க்கிற நாமா?
4. கெடு எவ்வளவு?
5. எப்படி வெல்கிறார்கள்: பலத்தாலா, புத்தியாலா, கூட்டாகவா, காட்டிக்கொடுத்தா, அதிர்ஷ்டத்தாலா?
6. எத்தனை பேர் மிச்சம்?

மங்காப் பக்கம் என்றால் தொகுதி எண்ணும் பக்க எண்ணும், படம் என்றால் நிமிடமும் நொடியும் கட்டாயம். ‘முதல் பாதியில் எங்கேயோ’ என்று எழுதினால் பிறகு தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்: தருமா

முதல் ஆட்டத்தை மட்டும் முழுதாகப் பிரித்துப் பார்க்கலாம். மற்றவற்றுக்கு இதே முறைதான்.

வகுப்பறையில், ஆசிரியர் நிற்க வேண்டிய இடத்தில், சிவப்பு தருமா பொம்மை. அது ‘தாருமா ஸான் கா கொரோந்தா’ என்று சொல்லி முடித்துச் சட்டென்று திரும்பும். திரும்பும்போது அசைந்தவனுக்குத் தலை சிதறும். நம் ஊரில் ‘ஸ்டாச்சு’ விளையாடிய எவருக்கும் இது புரியும். சொற்றொடரின் பொருள் ‘தருமா விழுந்துவிட்டது’. வேடிக்கை என்னவென்றால் தருமா விழாத பொம்மை. அடி கனமாக இருக்கும், தள்ளினாலும் எழுந்து நிற்கும், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை மாதிரி. ஜென் மரபைத் தொடங்கியவராகச் சொல்லப்படும் போதிதருமரின் உருவம் அது. அவர் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் என்று மரபு சொல்கிறது. அந்தக் கதையை நம்புகிறவர் என்றால், ஜப்பானிய வகுப்பறையில் பிள்ளைகளின் தலையைச் சிதறடிப்பது நம்ம காஞ்சிபுரத்துக்காரர் என்று சிரித்துக்கொள்ளலாம்.

இனி ஒலி. ‘தா-ரு-மா-ஸா-ன்-கா-கொ-ரோ-ன்-தா’ என்பதை ஜப்பானியர் பத்தாக எண்ணுவார்கள். தமிழில் மெய்க்கு அரை மாத்திரை. அவர்களுக்கு ‘ன்’ தனியாக ஒரு முழு மாத்திரை. பத்து எண்ணுவதற்குப் பதிலாகவே பிள்ளைகள் இதைச் சொல்வதுண்டு. ஆகவே ஆட்டத்தின் கடிகாரம் சொற்றொடருக்குள்ளேயே இருக்கிறது. சொல்கிறவர் முதல் ஐந்தை இழுத்து, கடைசி ஐந்தைப் படபடவென்று கொட்டலாம். ஓடுகிறவன் அங்கேதான் மாட்டுவான். ‘ஸ்குவிட் கேம்’ தொடரில் வரும் கொரிய வடிவத்திலும் ‘முகுங்வா பூ பூத்தது’ என்ற சொற்றொடர் பத்து அசைதான். ஆங்கிலத்தில் ‘சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு’ என்று மொழிபெயர்த்தால் இந்தப் பத்து மறைந்துபோகும். மொழிமாற்று ஒலி வேண்டாம் என்றது இதற்காகத்தான்.

செய்ய வேண்டியது: செல்பேசியின் நொடிமானியை எடுத்து, படத்தில் தருமா சொல்லும் ஒவ்வொரு முறையையும் அளந்து வரிசையாக எழுதுங்கள். பிறகு மங்காவில் அதே ஆட்டத்துக்குப் போங்கள். அங்கே நொடி கிடையாது, கட்டம்தான் நொடி. ஒரு முறை சொல்லி முடிக்க எத்தனை கட்டம், எழுத்துகள் எவ்வளவு பெரிதாக வரையப்பட்டிருக்கின்றன, ஒரு கட்டம் பக்கத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று எண்ணுங்கள். பெரிய கட்டத்தில் கண் அதிக நேரம் நிற்கும். படத்தில் மூன்று நொடியில் போவது மங்காவில் இரண்டு பக்கம் நீளலாம். இப்படி அளந்த பிறகு ‘படம் வேகம்’, ‘மங்கா நிதானம்’ என்று சொன்னால் அதற்கு ஆதாரம் இருக்கும்.

அடுத்து விதி. சொல்லப்பட்டது: அசைந்தால் சாவு. வெல்லும் வழி: பொம்மையின் முதுகிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். மறைந்தது: பொத்தானை அழுத்தியவனுக்கு மட்டுமே உயிர். படத்தில் ஷுன் அழுத்துகிறான். கடைசி வரை கூட நின்ற சதாகே சாகிறான். முழு வகுப்பில் மிச்சம் ஒருவன். ஒன்றாக நின்று வென்றோம் என்று மூச்சு விட்ட நொடியில்தான், அது கூட்டு ஆட்டமே இல்லை என்பது தெரிகிறது. ஐந்தாம் கேள்விக்கு இங்கே இரண்டு விடை எழுத வேண்டும்: ஆடும்போது ‘கூட்டாக’, முடிந்த பிறகு ‘ஒருவனாக’.

மூன்றாம் கேள்விதான் படத்தைத் தனியாகக் காட்டுகிறது. மீக்கே ஆட்டத்தின் நடுவிலேயே படத்தைத் தொடங்குகிறார். கதவைத் திறந்ததும் பிணக்குவியல். விதி யாரும் சொல்லித் தெரிவதில்லை. யார் செத்தான், அப்போது என்ன செய்துகொண்டிருந்தான் என்று பார்த்து நாமே ஊகிக்கிறோம். அலுப்பூட்டும் பழைய வாழ்க்கை பிறகுதான் வருகிறது. மங்காவின் முதல் அத்தியாயத்தைப் பக்கத்தில் வைத்து, எத்தனையாவது பக்கத்தில் முதல் சாவு, அதற்கு முன் ஷுனின் அன்றாடத்துக்கு எத்தனை பக்கம் என்று எண்ணி எழுதுங்கள். அந்த ஒரு எண்ணே ஒப்பீட்டின் பாதி.

பிறகு ரத்தம். படத்தில் தலை சிதறும்போது சிவப்புக் கோலிக்குண்டுகள் தரையெங்கும் கொட்டி உருள்கின்றன. தணிக்கைக்குப் பயந்து செய்தது என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது சுலபம். சற்று யோசித்தால், குழந்தைகளின் விளையாட்டு வரிசையில் கோலியும் ஒரு விளையாட்டுப் பொருள். அதோடு அதற்கு ஒலி இருக்கிறது, டக டக என்று உருண்டு ஓடி நிற்கும். கறுப்பு வெள்ளையில் வரும் மங்காவில் ரத்தமும் கறுப்பு மைதான். அங்கே நிறமும் இல்லை ஒலியும் இல்லை. படம் தன்னிடம் மட்டுமே இருக்கிற இரண்டையும் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறது. இதை இழப்பு என்று எழுதக் கூடாது, மாற்று என்று எழுத வேண்டும்.

மற்ற ஆட்டங்கள், சுருக்கமாக

உடற்பயிற்சிக் கூடத்தில் ராட்சத மானெகி நெகோ வருகிறது. கடை வாசலில் கையைத் தூக்கி வாடிக்கையாளரைக் கூப்பிடுமே, அந்தப் பூனை. மாணவர்களுக்கு எலி வேடம். பூனையின் கழுத்துக்கு மணி போய்ச் சேர வேண்டும். ‘பூனைக்கு மணி கட்டுவது யார்’ என்ற பழைய கேள்வியை அப்படியே உடம்பால் செய்ய வைத்திருக்கிறார்கள். தமிழ் வாசகருக்கு விளக்கமே தேவைப்படாத ஆட்டம் இதுதான். இங்கே ஐந்தாம் கேள்வியில் கண் வையுங்கள். தருமாவில் அசையாமல் இருப்பவன் பிழைத்தான், இங்கே ஓடுகிறவனுக்குத்தான் வழி. அமயா தகேருவின் குணம் வெளிப்படுவதும் இங்கேதான். சாவைக் கொண்டாடுகிற பிள்ளை. படத்தில் இந்த வேடத்தில் காமிகி ர்யூனொசுகே, ஷுனாக ஃபுகுஷி சோதா. அமயாவுக்கு மங்காவில் எத்தனை பக்கம், படத்தில் எத்தனை நிமிடம் என்று தனியாக ஒரு கணக்கு வைத்தால் நல்ல பத்தி ஒன்று கிடைக்கும்.

கை கால் இல்லாத கொகேஷி மரப்பொம்மைகளின் ஆட்டம் ‘ககோமே ககோமே’. நடுவில் ஒருவர் கண்ணை மூடி உட்கார, மற்றவர்கள் பாடிக்கொண்டே சுற்றுவார்கள். பாட்டு நின்றதும் ‘பின்னால் நிற்பது யார்?’ என்று நடுவிலிருப்பவர் சொல்ல வேண்டும். முழுக்க முழுக்கக் காதால் ஆடும் ஆட்டம். ஆகவே மங்காவுக்கு இது மிகக் கடினமான சோதனை. குரல் கேட்காத தாளில் குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பதை எப்படி வரைவது? இந்த ஒன்றைக் கவனமாக ஒப்பிட்டால் மற்ற இரண்டு ஆட்டங்களை விட்டுவிட்டாலும் தவறில்லை. ஓர் எச்சரிக்கை: இந்தப் பாட்டின் பொருள் பற்றி இணையத்தில் ஆயிரம் பேய்க்கதைகள் உலவுகின்றன. பாட்டின் சொற்கள் தெளிவில்லாதவை, விளக்கங்கள் பலருடைய ஊகங்கள். எதையும் வரலாறு என்று எடுத்து எழுத வேண்டாம்.

படத்தில் பிறகு வருவன, பொய் சொல்கிறவனைத் தேடும் வெள்ளைக் கரடி ஆட்டமும், ரஷ்ய மத்ரியோஷ்கா பொம்மைகள் நடத்தும் டப்பா உதைக்கும் ஆட்டமும். இவற்றுக்கும் தாள் போடுங்கள். மங்காப் பக்கம் காலியாக இருந்தால் காலியாகவே விடுங்கள். அந்த வெற்றிடமும் ஒரு தகவல். படத்தில் ஐந்து ஆட்டங்களும் ஒரு முடிவும் 117 நிமிடத்தில் அடங்க வேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள். சராசரி போட்டால் ஓர் ஆட்டத்துக்கு இருபது நிமிடம் வருவதே பெரிது. நிமிடங்களைக் கூட்டிப் பார்த்தால் எந்த ஆட்டத்துக்கு இயக்குநர் செல்லம் கொடுத்தார் என்பது தானே தெரியும்.

கடைசியில் ஐஸ் குச்சி. ஜப்பானில் குச்சி ஐஸைத் தின்று முடித்தால் சில குச்சிகளில் ‘பரிசு’ என்று இருக்கும், இன்னொரு ஐஸ் இலவசம். படத்தில் அந்தக் குச்சி சொல்வது பிழைப்பையும் சாவையும். அதுவரை புத்தி, பலம், கூட்டு என்று வென்று வந்த, ஷுனின் சிறுவயதுத் தோழி இச்சிகா குச்சியில் செத்துப்போகிறாள். ஷுனும் அமயாவும் மிச்சம். ‘இவ்வளவு ஆடியது எதற்கு?’ என்று எரிச்சல் வரும். பல விமர்சனங்கள் இந்த எரிச்சலோடு நின்றுவிட்டன. தலைப்பை நினைத்துப் பாருங்கள். சாமி சொல்கிறபடி, இங்கி பிங்கி பாங்கி. படம் தன் தலைப்பை அப்படியே நிறைவேற்றியிருக்கிறது. பிடிக்கிறதா என்பது வேறு கேள்வி. நேர்மையாகச் சொன்னால், முடிவு பொருத்தம், ஆனால் அதற்கு முந்தைய இருபது நிமிடம் அதற்குத் தயார்படுத்தவில்லை.

மாற்றத்துக்குக் காரணம் தேடுவது

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள். பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும்: நேரம், பணம், சான்றிதழ், மூலம் இன்னும் முடியாமல் இருந்தது. கடைசிக் காரணத்தைத்தான் பலரும் மறக்கிறார்கள். இந்தப் படம் வந்த 2014இல் இரண்டாம் தொடர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முடிய இரண்டு ஆண்டு பாக்கி. கதை முழுவதற்கும் முடிவு வேண்டும் என்று படத்தைக் கேட்பதில் நியாயம் இல்லை.

‘கான்ட்ஸ்’ இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. ஒகு ஹிரோயாவின் மங்கா 2000இல் தொடங்கி 2013இல் 37 தொகுதிகளோடு முடிந்தது. சாதோ ஷின்சுகே இயக்கிய இரண்டு படங்களும் 2011லேயே வந்துவிட்டன. முதல் படம் வெங்காயத்தாள் வேற்றுக்கிரகவாசி, தனகா என்ற வேற்றுக்கிரகவாசி, கோயில் சிலைகள் என்று எதிரிகளில் மங்காவின் வரிசையை ஒட்டிப் போகிறது. இரண்டாம் படம் தனக்கென்று ஒரு கதையையும் முடிவையும் செய்துகொண்டது. வேறு வழியில்லை, மூலத்தில் முடிவு எழுதப்படவே இல்லை. அந்தப் படத்தை மங்காவின் கடைசித் தொகுதிகளோடு ஒப்பிடுவது காலக் குழப்பம். ஆகவே தாளின் தலைப்பிலேயே இரண்டு தேதிகளை எழுதி வையுங்கள்: படம் வந்தது எப்போது, அன்றைக்கு மங்கா எந்த இடத்தில் இருந்தது.

எழுதும்போது

தாள்கள் கையில் இருந்தால் எழுதுவது எளிது. எல்லா ஆட்டங்களையும் எழுத வேண்டாம். வித்தியாசம் அதிகமுள்ள ஒன்றையும், வித்தியாசமே இல்லாத ஒன்றையும் எடுத்தால் போதும். இரண்டாவது ஏன் என்றால், கதை மாறாத இடத்தில்தான் ஊடகம் எவ்வளவு மாற்றுகிறது என்று சுத்தமாகத் தெரியும்.

‘மங்காவில் இருந்த ஆழம் படத்தில் இல்லை’ என்ற வரியை எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். அது எந்தப் படத்துக்கும் பொருந்தும், ஆகவே எதையும் சொல்லவில்லை. அதே எண்ணத்தை இப்படி எழுதலாம்: ‘படம் ஆட்டத்தின் நடுவில் தொடங்குவதால் விதியை நாம் ஷுனோடு சேர்ந்து கற்றுக்கொள்வதில்லை, அவன் ஏற்கெனவே கற்றுவிட்டான், நாம் பின்னால் ஓடுகிறோம். அதனால் சதாகே சாகும்போது நமக்கு வருவது அதிர்ச்சி. இழப்பு என்று சொல்ல அவனோடு நமக்குப் பழக்கம் போதவில்லை.’ இதை ஒருவர் மறுக்கலாம், நிமிடத்தைக் காட்டி வாதாடலாம். அப்படி வாதாட இடம் கொடுக்கிற வரிதான் வேண்டும்.

பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடாதீர்கள். படத்துக்கு 6, மங்காவுக்கு 8 என்றால் எல்லோரும் அந்த இரண்டு எண்ணைப் பற்றியே பேசுவார்கள், தாள் வீண்.

பெயர்களில் ஒரே எழுத்துமுறை. அமயா, அமாயா, தகேரு அமயா என்று மூன்று விதமாக எழுதினால் படிப்பவர் மூன்று பேர் என்று நினைப்பார். ஜப்பானியர் குடும்பப் பெயரை முன்னால் வைப்பார்கள், ஆங்கில வசன வரி பின்னால் வைக்கும். ஒன்றைத் தேர்ந்து கடைசி வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இது கைவந்த பிறகு அடுத்ததாக ‘ஆலிஸ் இன் பார்டர்லேண்ட்’ எடுக்கலாம். ஆசோ ஹாரோவின் மங்கா, 2020 டிசம்பரில் நெட்பிளிக்ஸ் தொடராக வந்தது, இயக்கம் ‘கான்ட்ஸ்’ எடுத்த அதே சாதோ. அங்கே ஐந்தாம் கேள்விக்கு விடையை ஆட்டமே சீட்டில் அச்சடித்துக் கொடுத்துவிடும்: ஸ்பேடு என்றால் உடல் பலம், கிளாவர் கூட்டு, டைமன் புத்தி, ஆட்டின் துரோகம். எண் கூடக் கூடக் கடினம். மங்காவில் பள்ளி மாணவனான நாயகனைத் தொடரில் வேலையில்லாத இளைஞனாக்கியிருப்பார்கள். ‘கான்ட்ஸ்’ படத்திலும் பள்ளி மாணவன் கல்லூரிக்குப் போய் வேலை தேடுகிறான். ஒரே இயக்குநர், ஒரே வகை மாற்றம், இரண்டு முறை. விதித் தாளோடு இயக்குநருக்கும் ஒரு தாள் போட வேண்டிய இடம் அது.